ஓடைக்குக் கிழக்கே போகவேண்டியவன்

வெயிலையும் எங்களையும் ஒரே பொறுமையோடு தாங்கிக்கொண்டு இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, கடல் கடந்து வந்து, கறுப்புக் கண்ணாடியையும் கழற்றாமல் கைத்துப்பாக்கியையும் கழற்றாமல் மேடையில் அமர்ந்திருக்கும் படைத்தளபதி அவர்களே, அவர் காதோரம் குனிந்து என் பேச்சில் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கப்போகிற மொழிபெயர்ப்பாளர் அவர்களே, எந்த ஊரில் எந்தச் சண்டை மூண்டாலும் பதாகையோடு வந்து சேரும் சமாதானத் திட்ட அலுவலர் அம்மையார் அவர்களே, கம்பு விளைத்துக் களஞ்சியம் நிறைத்த சொபெங்கு ஊரின் தலைவர், பெரியவர் அம்பகானே கரெம்பே அவர்களே, வெங்காயம் இடித்த கையைக்கூடக் கழுவாமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தோளில் துப்பாக்கி தொங்க ஓரமாய் நிற்கும் வேட்டைக்கார வீரர்களே, மாட்டை விட்டுப் பிரியாத மனத்தோடு மேடையேறி, மேடையிலிருந்தும் ஓடையையே பார்த்துக்கொண்டிருக்கும் மேய்ச்சல் தலைவர், என் மச்சான் யேரோ பாரி அவர்களே, உங்கள் எல்லோரையும் கொல்லன் நூஹும் பல்லோ, கரி படிந்த கையை நெஞ்சில் வைத்து வணங்குகிறேன்.

எனக்கு மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வாழ்த்துரை வழங்க வேண்டுமாம். நேரம் முடிந்தால் அம்மையார் மணியடிப்பாராம். அடிக்கட்டும். சம்மட்டிச் சத்தத்தில் பிறந்து, சம்மட்டிச் சத்தத்தில் வளர்ந்து, சம்மட்டிச் சத்தத்தில் செவிடாகிப்போன குடும்பம் எங்கள் குடும்பம். மணிச் சத்தத்துக்கெல்லாம் நான் உட்கார்கிற ஆள் இல்லை.

வாழ்த்தச் சொன்னீர்கள். எதை வாழ்த்துவது? இந்த மேசைமேல் ஒரு தாள் இருக்கிறது. அதில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. ஒன்றில் அம்பகானே கையெழுத்திட வேண்டும், மற்றொன்றில் யேரோ கையெழுத்திட வேண்டும். இட்டுவிட்டால், திங்கட்கிழமை விடிந்ததும் நம் ஓடை ஓடையாக இருக்காது, எல்லையாக இருக்கும். மேற்கே கம்பு, கிழக்கே மாடு. மேற்கே உழுகிற டோகோன் மக்கள், கிழக்கே மேய்க்கிற ஃபுலானி மக்கள். நடுவே நான்கு காவல் கூண்டு, மேலே ட்ரோன். ஓடையைக் கடக்கும் எவரும் எதிரி. இப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுத்துக் கூட்டி இருமுறை படித்துவிட்டேன்.

நான் கேட்கிறேன், இதில் கொல்லன் எந்தக் கரை? மேற்குக்கரைக் களைக்கொத்தை அடித்துக் கொடுத்தவனும் நான், கிழக்குக்கரைக் கத்தியைத் தீட்டிக் கொடுத்தவனும் நான். இரண்டு கரைக்கும் நடந்து நடந்து தேய்ந்த இந்தக் காலை எந்தப் பக்கம் வைப்பது?

சரி, அது பொதுக்கேள்வி. எனக்குச் சொந்தமாகவும் ஒரு கேள்வி இருக்கிறது. ஓடைக்குக் கிழக்கே எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நான்கு ஆண்டுகளாகச் செய்யாமல் விட்ட வேலை. இன்று இந்தத் தாளில் மை பட்டுவிட்டால் அதை என் ஆயுளில் செய்ய முடியாது. அது என்ன வேலை என்று சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் நாக்கு வர மறுக்கிறது. அதனால் முதலில் கொஞ்சம் ஏசிக்கொள்கிறேன். அவை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"ஏண்டா யேரோ, மாட்டு வாலப் புடிச்சிக்கிட்டே பொறந்தவனே, மேடைக்கு வர்ற அன்னைக்காவது மூஞ்சி கழுவினியா? இல்ல, பசு மாடு நக்கிவிட்டதே போதும்னு வந்துட்டியா?"

சிரியுங்கள், சிரியுங்கள். தளபதி அவர்களே, கை இடுப்புப் பக்கம் போக வேண்டாம், இது சண்டை இல்லை. மொழிபெயர்ப்பாளரே, இதை விழுங்காமல் அவருக்குச் சொல்லுங்கள். கொல்லனும் ஃபுலானியும் பிறவியிலேயே மச்சான் முறை. பெண் கொடுத்து வந்த முறை இல்லை, பெண் எடுத்து வந்த முறையும் இல்லை. எங்கள் முப்பாட்டன்களுக்கு முப்பாட்டன்கள் வைத்துவிட்டுப் போன முறை. நான் அவனை என்ன வேண்டுமானாலும் ஏசலாம், அவன் என்னை அதைவிடக் கேவலமாக ஏசலாம். கோபப்படக் கூடாது. கை ஓங்கக் கூடாது. மச்சான் வந்து நடுவில் நின்று ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. மச்சான் ரத்தம் மண்ணில் விழவே கூடாது.

ஒரு சந்தை நாளில் இவன் என் கடைக்கு முன்னால் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இந்த ஆளு செஞ்ச களக்கொத்த வாங்காதீங்க, வெங்காயத்தப் பாத்தாலே வளஞ்சிரும்" என்று கூவிக்கொண்டிருந்தான். நான் சும்மா இருப்பேனா? பால்பானை வைத்திருந்த இவன் மனைவி பக்கத்தில் போய் நின்று, "வாங்கம்மா வாங்க, ஆத்துல கறந்த பாலு" என்று ஆரம்பித்தேன். அன்று இருவருக்கும் வியாபாரம் இல்லை. சந்தை முழுக்கச் சிரிப்புத்தான். பொழுது சாயும்போது இவன் மெல்ல வைத்திருந்த கோலாக் கொட்டையைப் பிளந்து பெரிய பாதியை என்னிடம் கொடுத்தான்.

இன்று பாருங்கள். நான் ஏசினேன், நீங்கள் சிரித்தீர்கள், ஆட்சியர்கூடச் சிரித்தார். யேரோ சிரித்தானா? திரும்பியாவது பார்த்தானா? நான்கு ஆண்டுகளாக இப்படித்தான். எதிரில் பார்த்தால் ஏசுகிறேன், அவன் கேளாதவன்போல் போகிறான். தளபதி அவர்களே, கோபத்துக்கு மருந்து உண்டு. ஆனால் எங்கள் ஊரில் ஒரு மச்சான் பதிலுக்கு ஏசவில்லை என்றால், உறவு செத்துப்போயிற்று என்று பொருள். அதைக் கொன்றவன் நான்.

என்ன பெரியவரே, தலையாட்டுகிறீர்கள்? உங்களுக்குத் தெரியும். இந்த மேடையில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும் நான்கு ஆண்டுகளாக என் காதுபடப் பேசாமல் இருக்கிறீர்கள். அந்த மரியாதைதான் என்னை உறங்கவிடாமல் அடிக்கிறது. இன்று நானே சொல்லிவிடுகிறேன்.

கம்பு அறுவடை முடிந்தால், யார் போய் மேய்ச்சல்காரர்களை அழைக்க வேண்டும்? கொல்லன். அறுத்த தட்டை ஒரு கட்டு கையில் எடுத்துக்கொண்டு, ஓடையைக் கடந்து, யேரோவின் குடிலுக்கு முன்னால் போட்டுவிட்டு, "வயலு காலியாயிருச்சிடா, ஒன் பட்டினி மாட்டக் கொண்டாந்து மேய விடு" என்று ஏசிவிட்டு வர வேண்டும். மறுநாள் மாடு வரும். அறுத்த அடித்தாளை மேயும், சாணம் போடும், வயலுக்கு உயிர் வரும். மாட்டுக்காரருக்குக் கம்பு, வயற்காரருக்குப் பால். காகிதம் உண்டா? கையெழுத்து உண்டா? காவல் கூண்டு உண்டா? கொல்லன் சொன்னால் வயல் திறந்தது, கொல்லன் நின்றால் சண்டை நின்றது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. அறுவடை முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. யேரோவின் காளை ஒன்று, அழைப்புக்குக் காத்திருக்காமல், அம்பகானேயின் வயலில் இறங்கிவிட்டது. காளைக்கு நாள்காட்டி தெரியுமா? அம்பகானேயின் தம்பி அந்தாந்து, கையிலிருந்த களைக்கொத்தால் காளையின் காலில் போட்டார். கால் முறிந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஒரு காளை, ஒரு கால். என் தாத்தா காலத்தில் இதைவிடப் பெரிய வழக்கெல்லாம் ஒரு பானைக் கம்பங்களி ஆறுவதற்குள் தீர்ந்திருக்கிறது.

இரண்டு பக்கமும் உடனே என் வீட்டுக்குத்தான் ஆள் அனுப்பினார்கள். "கொல்லர் எங்க?" என்று யேரோவின் ஆள். "கொல்லர் எங்க?" என்று அம்பகானேயின் ஆள். என் மனைவி என்ன சொன்னாள் தெரியுமா? "சமாதானம் பண்ணக் கத்துக்கிறதுக்கு டவுனுக்குப் போயிருக்காரு."

சிரிக்கிறீர்கள். நானும் சிரிக்கத்தான் ஆசைப்படுகிறேன். அந்த வருடம்தான் சமாதானத் திட்டம் நம் பக்கம் புதிதாக வந்திருந்தது. அப்போதிருந்த அலுவலர் வேறு. இந்த அம்மையார்மேல் குற்றமில்லை, அவர் முகம் வாட வேண்டாம். பட்டறையில் பிறந்தவனைப் பயிற்சிப் பட்டறைக்கு வா என்றார்கள். கார் அனுப்பினார்கள். தலைக்குத் தொப்பி, தோளுக்குப் பை, கழுத்தில் என் பெயர் எழுதிய அட்டை. ஐந்து நாள். குளிர்காற்று வரும் அறையில் உட்கார்ந்து, இரண்டு பேர் சண்டையிட்டால் நடுவில் இருப்பவர் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்கு ஒருவர் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நடுவில் இருக்க வேண்டியவன் அங்கே உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தது. அலுவலரிடம் போய்ச் சொன்னேன். "நீங்க தனியா போயி எதையும் பேசிராதீங்க, வியாழக்கிழமை ஊர்ல சமாதானக் கமிட்டி கூடுது, முறைப்படி தீத்துக்கலாம்" என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? மோட்டார் சைக்கிள் ஏறினால் அரை நாள் பயணம். மடமடவென்று வந்திருக்க வேண்டாமா? வந்து நடுவில் விழுந்திருக்க வேண்டாமா? வரவில்லை. ஏன் வரவில்லை? வியாழக்கிழமை எங்களுக்குச் சான்றிதழ் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மேடையில் பெயர் சொல்லி அழைப்பார்கள், கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்கு ஆசைப்பட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆசைப்பட்டேன்.

வியாழக்கிழமை இங்கே கமிட்டி கூடியது. எங்கே கூடியது? நம் பழைய மன்றம் இருக்கிறதே, எட்டடுக்குக் கம்புத் தட்டைக் கூரை, குனிந்தால்தான் உள்ளே போக முடியும், கோபத்தில் எவனாவது சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும், உட்கார்ந்துதான் பேச வேண்டும். அங்கே கூடவில்லை. திட்டம் கட்டிக்கொடுத்த புது மண்டபத்தில் கூடியது. உயரமான கூரை, பிளாஸ்டிக் நாற்காலி. எழுந்து நிற்க எவ்வளவு வசதி. எழுந்தார்கள். ஒருவர் எழுந்தார், எதிரில் ஒருவர் எழுந்தார், அப்புறம் எல்லோரும் எழுந்தார்கள். நடுவில் கொல்லன் இல்லை. இந்த வழக்கில் கொல்லன் சம்பந்தப்பட்ட தரப்பு இல்லை என்று எழுதியிருந்தார்களாம். கூச்சலோடு கலைந்தார்கள். அன்று வீடு திரும்புகிற வழியில், ஓடை மணலில், அந்தாந்துவைக் கத்தியால் குத்திப் போட்டார்கள். அதே நேரத்தில் டவுனில் என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். கை தட்டினார்கள்.

அந்தாந்துவின் மனைவி யாகெமெ அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். அம்மா, உன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். காளையின் கால் முறிந்தது உன் புருஷனால். உன் புருஷன் உயிர் போனது ஒரு சான்றிதழால்.

மணியடிக்கிறீர்களா அம்மையாரே? அடியுங்கள். இன்னும் பாதிதான் சொல்லியிருக்கிறேன். கேவலமான பாதி இனிமேல்தான்.

நான் ஊருக்கு வந்தபோது ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பிணம் விழுந்திருந்தது. அப்போதாவது நான் கிழக்கே ஓடியிருக்க வேண்டாமா? பயந்தேன். அந்த நேரத்தில் பட்டறை வாசலில் நம் ஊர் ஆட்கள் வந்து நின்றார்கள். "கொல்லரே, களக்கொத்து போதும். வேற செய்யுங்க" என்றார்கள். யாரோ வெளிநாட்டுக்காரன் கிழக்குக்கரைக்குப் புதுத் துப்பாக்கி இறக்கிவிட்டான் என்று ஒரு பேச்சு. எவன் பார்த்தான்? எவனும் பார்க்கவில்லை. கிழக்கே இதே பேச்சு மேற்கைப் பற்றி. செய்தேன். ஒரு குளிர்காலம் முழுக்கத் துருத்தி ஓயாமல் துப்பாக்கி செய்தேன். ஒவ்வொன்றின் கட்டையிலும், எங்கள் குல வழக்கப்படி, மூன்று கீறல் போட்டேன். பெருமையாகப் போட்டேன்.

பிறகு கடல் கடந்து விருந்தாளிகள் வந்தார்கள். முதல் கொடிக்காரர்கள் கவச வண்டியில் வந்தார்கள். நன்றாக இருந்தார்கள், தண்ணீர்ப் பாட்டில் கொடுத்தார்கள். மேற்கே வந்து "கிழக்கில் கெட்டவன் யார்" என்று கேட்டார்கள், கிழக்கே போய் "மேற்கில் கெட்டவன் யார்" என்று கேட்டார்கள். கேட்டால் சொல்லமாட்டோமா? பிடிக்காதவன் பெயரையெல்லாம் சொன்னோம். பெயர் சொல்லப்பட்டவன் வீட்டுக் கதவு உடைந்தது. இரண்டு ஆண்டு கழித்து, பணி முடிந்தது என்று வாத்தியம் வாசித்துக் கொடியை இறக்கிக்கொண்டு போனார்கள். எந்தப் பணி? யாருக்கு முடிந்தது? ஈரம் காயாத மண்ணில் வேறொரு கொடி ஏறியது. வாத்தியம் இல்லை, தண்ணீர்ப் பாட்டிலும் இல்லை. கேள்வியும் இல்லை. மேலே ஒன்று ரீங்காரமிட்டுக்கொண்டே இருக்கிறது. அதன் கண்ணுக்கு மாட்டுக்குப் பின்னால் போகும் பத்துப் பேரும் ஒன்று, சண்டைக்குப் போகும் பத்துப் பேரும் ஒன்று.

தளபதி அவர்களே, உங்கள்மேல் முழுப்பழியும் போட்டுவிட்டுக் கை கழுவ நான் வரவில்லை. இந்தச் சண்டையை நீங்கள் மூட்டவில்லை. உங்களுக்கு முன்னால் வந்தவர்களும் மூட்டவில்லை. நாங்கள் மூட்டினோம். ஆனால் எனக்குத் துருத்தியைப் பற்றித் தெரியும். அடுப்பில் தீ இருக்கும்வரைதான் துருத்திக்காரனுக்கு மதிப்பு. தீ அணைந்தால் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்குப் போக விருப்பமில்லாத துருத்திக்காரன் என்ன செய்வான்? ஊதிக்கொண்டே இருப்பான். மொழிபெயர்ப்பாளரே, ஏன் நிறுத்திவிட்டீர்கள்? சொல்லுங்கள். அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான், கேட்டுக்கொள்வார்.

யார் அங்கே எழுந்தது? யாகெமெயா? பேசம்மா. பேசட்டும், யாரும் அவளைப் பிடித்து உட்கார வைக்க வேண்டாம்.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. அவள் கேட்டதை அவள் வார்த்தையிலேயே சொல்கிறேன். "கொல்லரே, ஒங்க மச்சான் கதையெல்லாம் சரி. எம் புருஷனக் குத்துனவன் கெழக்கதான் இருக்கான், இன்னைக்கும் அவன் வீட்டு அடுப்புல பொக வருது. கோடு வேணாம், கூண்டு வேணாம்னா எம் புள்ளைங்களுக்கு யாரு காவலு? நீங்களா?"

இதுதான் கேள்வி. மேடையில் இருக்கும் எங்கள் எல்லோரையும்விட நேரான கேள்வி. அம்மா, உன் பிள்ளைகளுக்கு யார் காவல் என்று எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று தெரியும். முன்பு வந்த கவச வண்டி கவச வண்டியைத்தான் காத்தது. இனி வரும் கூண்டு கூண்டைத்தான் காக்கும். இன்னொன்றும் தெரியும். குத்தியவன் யார் என்பது யேரோவுக்குத் தெரியும். நான்கு ஆண்டுகளாக அவனை யாரும் ஒப்படைக்கவில்லை. ஏன்? யாரும் போய்க் கேட்கவில்லை. போய்க் கேட்டால் மறுக்கமுடியாதபடி கேட்கக்கூடியவன் இந்தச் சமவெளியில் ஒரே ஒருவன்தான். அவன் போகவில்லை. அவன் துருத்திக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான்.

ஏன் ஒளிந்தான்? இதோ வந்துவிட்டேன். நாக்கு வராத இடத்துக்கு வந்துவிட்டேன். தண்ணீர் கொடுங்கள்.

யேரோவின் மூத்த மகன் ஹம்மாதி. நான் துப்பாக்கி செய்த அந்தக் குளிர்காலத்திலேயே, காணாமல்போன கன்று ஒன்றைத் தேடி ஓடைப் பக்கம் வந்தான். கையில் கழி மட்டும்தான் இருந்தது. புதருக்குப் பின்னாலிருந்து ஒருவர் சுட்டார். சுட்ட துப்பாக்கியின் குழல் அங்கேயே வெடித்துவிட்டது, போட்டுவிட்டு ஓடிவிட்டார். அது யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தேவையில்லை. மறுநாள் காலை என் வாசலில் யேரோ வந்து நின்றான். அந்தத் துப்பாக்கியை வாசற்படியில் வைத்தான். கட்டையில் மூன்று கீறல். என்னைப் பார்த்தான். ஏசவில்லை. அடிக்கவில்லை. திரும்பி நடந்துபோனான்.

மச்சான் ரத்தம் மண்ணில் விழக் கூடாது. விழுந்துவிட்டது. என் கைச் செய்பொருளால் விழுந்தது. அவையோரே, தாய்மார்களே, ஹம்மாதியைக் கொன்ற துப்பாக்கியை நான் செய்தேன். இதை நான்கு ஆண்டுகளில் முதல்முறையாக வாய்விட்டுச் சொல்கிறேன்.

இன்னும் இருக்கிறது. ஃபுலானி வீட்டில் இழவு விழுந்தால் கொல்லன் என்ன செய்ய வேண்டும்? ஊருக்கெல்லாம் தெரியும், விருந்தாளிக்குச் சொல்கிறேன். குழி வெட்டியதும் கொல்லன் ஓடிப்போய் அதில் படுத்துக்கொள்ள வேண்டும். "இது என் எடம், நான் மொதல்ல வந்துட்டேன், எனக்கு ஆடு குடுத்தாத்தான் எந்திரிப்பேன்" என்று கத்த வேண்டும். செத்தவனை ஏச வேண்டும். அழுகிறவர்களை ஏச வேண்டும். அவர்கள் அழுகையின் நடுவே சிரித்துவிட வேண்டும். சிரித்தபிறகுதான் உடலைக் குழியில் இறக்குவார்கள். சிரிக்காமல் புதைத்த வீட்டில் துக்கம் எழுந்து போகாது, உட்கார்ந்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை.

ஹம்மாதிக்குக் குழி வெட்டினார்கள். எனக்காகக் காத்திருந்தார்கள். அந்த நிலையிலும் காத்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். உடலை நிழலில் வைத்துவிட்டு ஓடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். நான் பட்டறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கிடந்தேன். பொழுது சாயும் நேரத்தில், யாரும் சிரிக்காமல், அவனைப் புதைத்தார்கள்.

அந்தக் குழி ஓடைக்குக் கிழக்கே இருக்கிறது. எனக்குப் பாக்கியிருக்கும் வேலை அங்கேதான் இருக்கிறது. இந்தத் தாளில் கையெழுத்து விழுந்தால் திங்கட்கிழமை முதல் அங்கே போகிற கொல்லன் எதிரி. யாகெமெக்காகப் போய்க் கேட்க முடியாது. யேரோவுக்காகப் போய் அழ முடியாது. அறுவடை முடிந்து தட்டையோடு போக முடியாது. மேற்கே வயல் வெளுத்துக்கொண்டே போகும், கிழக்கே மாடு மெலிந்துகொண்டே போகும், இரண்டையும் காவல் காக்கக் கொடி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். இதற்கா சமாதானம் என்று பெயர்? இதற்கா வாழ்த்துரை? இதற்கா நான் மூன்று நிமிடம் பேச வேண்டும்?

மச்சான் முறையை வைத்து உன்னிடம் எதையும் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, யேரோ. அதை நானே உடைத்துவிட்டேன். அதனால் முறையை வைத்துக் கேட்கவில்லை. இந்தக் கூட்டத்துக்கு நடுவில், எல்லோரும் பார்க்க, மண்டியிட்டுக் கேட்கிறேன். கையெழுத்துப் போடாதே. ஒரு நாள் கொடு. நாளை ஒரு நாள் நான் கிழக்கே வந்து போகிறேன். வந்தவனை உன் ஆட்கள் வெட்டினாலும் சரி, அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே வெட்டட்டும். பெரியவர் அம்பகானே அவர்களே, உங்களிடமும் அதையே கேட்கிறேன். பேனா உங்கள் கையில் இருக்கிறது. ஒரு நாள்.

அமைதி. அமைதியாக இருங்கள். வேட்டைக்காரர்களே, கையை இறக்குங்கள். யேரோ எழுந்திருக்கிறான்.

ஒலிபெருக்கியை அவனுக்குக் கொடுங்கள். வேண்டாமா? சரி, அவன் எனக்குத்தான் சொல்கிறான். சொல், மச்சான்.

அவையோரே, அவன் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது. ஒரு சொல் குறைக்காமல் சொல்கிறேன். யேரோ பாரி சொல்கிறான்:

"கரிமூஞ்சி, எம் மவன் குழிய மூடுனேன், நாலு வருசமா எம் வீட்டுல துக்கம் குந்திக்கிட்டு இருக்கு. எவனும் வந்து அதுல படுக்கல. எவனும் என்ன ஏசல. எம் பொஞ்சாதி இன்னும் ஓடையவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா. நாளைக்குக் காலையில வா. வந்து சத்தமா கத்து, அவளுக்குக் காது மந்தமாயிருச்சி. குத்துனவனப் பத்தி அதுக்கப்பறம் பேசுவோம். அந்தப் பொண்ணு கிட்டயும் சொல்லு. வராம பட்டறக்குள்ள பதுங்கின, அந்த அழுக்குத் தாடிய அறுத்து எங் கெழட்டு எருதுக்குத் தீனியாப் போட்டுருவேன்."

கேட்டீர்களா? ஏசிவிட்டான். நான்கு ஆண்டு கழித்து என் மச்சான் என்னை ஏசிவிட்டான்.

பெரியவர் அம்பகானே பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் வைக்கிறார். என்னவோ சொல்கிறார். "அவன் திரும்பி வர்ற வரைக்கும் நான் எதுலயும் எழுத மாட்டேன்" என்கிறார். ஆட்சியர் அவர்களே, திங்கட்கிழமைக்குள் என்ன ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள். எதுவும் தீர்ந்துவிடவில்லை, எனக்குத் தெரியும். யாகெமெ இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள். அவள் உட்காரும்வரை எதுவும் தீராது.

தளபதி அவர்களே, கடைசியாக உங்களுக்கு ஒரு சொல். நாளைக் காலை உங்கள் ஆட்கள் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஓடை மணலைக் கடந்து ஒரு கறுப்புப் புள்ளி கிழக்கே போகும். கொஞ்சம் நொண்டும், அது என் இடது கால். ஒரு குழிமேட்டின் பக்கத்தில் போய் விழும், புரளும், கையைக் காலை உதறும், வாயைத் திறந்து கத்தும். மேலே இருந்து பார்த்தால் சத்தம் கேட்காது, அதனால் சொல்லிவைக்கிறேன். சுற்றிலும் இருபது முப்பது பேர் ஓடிவந்து கூடுவார்கள். அதைத் தாக்குதல் என்று யாரும் பொத்தானை அழுத்திவிட வேண்டாம். அது இழவு வீட்டுக்கு நான்கு ஆண்டு தாமதமாக வந்த மச்சான். அவன் கத்தி முடிக்கும்வரை, அந்தத் தாய் ஒருமுறை சிரித்து முடிக்கும்வரை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நிமிடம் கொடுத்து முப்பது நிமிடம் பொறுத்த அவைக்கும், மணியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் அம்மையாருக்கும், விழுங்காமல் சொன்ன மொழிபெயர்ப்பாளருக்கும், கேள்வி கேட்ட யாகெமெக்கும், ஏசிய யேரோவுக்கும் கொல்லனின் நன்றி. எல்லோரையும் வணங்குகிறேன்.

போய் வருகிறேன்.